ஊர்ச் சாலையும் உரிய பணமும்

தார்ச்சாலையைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். மேற்பரப்பில் மெல்லிய விரிசல் விழுகிறது. மழைநீர் அதன் வழியே இறங்கி அடியிலுள்ள ஜல்லிப் படுகையை இளக்குகிறது. பேருந்துச் சக்கரங்கள் ஏறி இறங்க, தார் பெயர்ந்து குழியாகிறது. விரிசலிலேயே தார் ஊற்றி அடைத்தால் செலவு சொற்பம். விட்டுவிட்டால் படுகையையே தோண்டிப் போட வேண்டும். குழி விழுந்த பிறகும் முறை உண்டு: ஓரங்களைச் சதுரமாக வெட்டி, மண்ணைக் கூட்டித் தள்ளி, தார் பூசி, சூடான கலவை நிரப்பி, ரோலரால் அமுக்க வேண்டும். வெறும் ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போவது இருசக்கர வண்டியில் வருபவரின் உயிருக்கே உலை வைப்பதாகும்.

இதற்கான பணத்தை எரிபொருளிலிருந்து எடுக்கும் வழக்கம் இந்தியாவில் பழையது. எம்.ஆர். ஜெயகர் குழுவின் பரிந்துரையால் 1929-இல் சாலை நிதி பிறந்தது. 2000-ஆம் ஆண்டின் மத்திய சாலை நிதிச் சட்டம், டீசல் செஸ்ஸில் பாதியைக் கிராமச் சாலைகளுக்கு ஒதுக்கியது. 2018-இல் அது உள்கட்டமைப்பு நிதியாக விரிந்து, வேறு துறைகளும் பங்குக்கு வந்தன. செஸ் வருவாய் மாநிலங்களோடு பகிரப்படும் வரித்தொகுப்பிலும் சேராது. ஆக, ஊராட்சித் தெருவில் ஓடும் டிராக்டரின் டீசலுக்கும் செஸ் பிடிக்கப்படுகிறது. அந்தத் தெருவைப் பராமரிக்க அதில் உரிமைப் பங்கு வகுக்கப்படவில்லை. இது நியாயமன்று.

2000 டிசம்பர் 25-இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில், சாலை போட்ட ஒப்பந்ததாரரே 5 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். பணம் மாநில அரசுடையது. நல்ல ஏற்பாடுதான். சிக்கல் ஆறாம் ஆண்டில் எழுகிறது. 15-ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டிவைக்கப்பட்டது. மீதி 40 விழுக்காட்டில்தான் தெருவிளக்கு, சிறுபாலம், சாலை எல்லாம் போட்டியிட்டன. புதிய சாலைக்குத் திறப்பு விழாவும் கல்வெட்டும் உண்டு. அடைத்த குழிக்கு இரண்டும் இல்லை என்பதும் ஒதுக்கீட்டில் தெரிகிறது.

தமிழக நெடுஞ்சாலைத் துறை பொள்ளாச்சியில் வேறு வழியைச் சோதித்தது. பல ஆண்டுகளுக்கு ஒரே ஒப்பந்தம். சாலை நல்ல நிலையில் இருந்தால்தான் ஒப்பந்ததாரருக்கு முழுப்பணம். விரிசலைச் சீக்கிரம் அடைப்பது அவருக்கே லாபம். ஊராட்சிச் சாலைகளுக்கும் இம்முறை பொருந்தும். ஆனால் அதற்கான தொகை பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே உறுதியாகியிருக்க வேண்டும். மார்ச் மாதக் கடைசியில் மிஞ்சும் பணத்தை நம்பி யாரும் அத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டார்கள்.