பணம் வாங்க பின் நம்பர் எதுக்கு?

(ஆவடியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)

கல்யாண ஊர்வலக் குதிரையை வித்தாச்சு, சேணம் பரணில் கிடக்கிறது. அதை ஓஎல்எக்ஸில் விற்கலாமா என்று நம்மில் ஒருவர் கேட்டார். தாராளமாக விற்கலாம். துடைத்து எண்ணெய் தடவி, நல்ல வெளிச்சத்தில் படம் எடுப்போம். வார் இற்றுப்போயிருந்தால் மறைக்காமல் சொல்வோம். அது அறுந்தால் ஏறுகிறவர் விழுவார்.

பணம் வாங்குகிற இடத்தில்தான் உஷார் வேண்டும். "நான் மிலிட்டரிக்காரன், பேரம் வேண்டாம், இப்பவே பணம் போடுறேன்" என்று போன் வரும். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, விமானப்படை நிலையம் எல்லாம் இருப்பதால் நமக்கும் நம்பத் தோணும். பிறகு ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொல்வான். போட்டால் நம் கணக்கிலிருந்துதான் பணம் போகும். கடன் தவணைக்கு வைத்த காசும் அதில்தானே இருக்கு!

பணம் கொடுக்கத்தான் பின் நம்பர். வாங்க அது வேண்டவே வேண்டாம். "நேரில் வந்து பாருங்க, காசு கொடுத்து எடுத்துப் போங்க" என்று சொல்வோம்.

யாராவது ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930க்குப் போன் செய்வோம். சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வழியுண்டு.

இதை அவரவர் குழுவில் சொல்வோம்.