மேய்ச்சல் தரையை முள்ளிடமிருந்து மீட்பது எப்படி?
(மேற்கு மாம்பலத்தில் நடந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாம்பலத்து ஜனங்களுக்கு மேய்ச்சல் தரையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். பக்கத்திலுள்ள மந்தைவெளியின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். இன்று அங்கே மந்தையும் இல்லை, வெளியும் இல்லை, நகரம் தின்றுவிட்டது. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் ஜில்லாக்களில் மேய்ச்சல் தரையைத் தின்றது நகரமல்ல, முள். நம் தெருமுனை இஸ்திரிப் பெட்டியில் கனலுகிற கரிகூட அந்த முள்ளை எரித்து எடுத்ததாக இருக்கலாம்.

சீமைக் கருவேல் என்றும் வேலிக்காத்தான் என்றும் அதைச் சொல்கிறோம். மெக்சிகோவும் கரீபியன் தீவுகளும் அதன் தாயகம். 1877-ல் வெள்ளைக்கார வன இலாகா ஜமைக்காவிலிருந்து விதை தருவித்துக் கடப்பை ஜில்லாவில் நட்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் புத்தி வரவில்லை. 1961-ல் குஜராத்தின் கட்ச் பகுதியில், சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பன்னிப் புல்வெளியில், உப்புப் பாலையைத் தடுக்கிறோம் என்று சர்க்காரே இதை நட்டது. எருமை மேய்த்துப் பிழைக்கும் மால்தாரி ஜனங்களின் புல் போயிற்று. அவர்கள் இதற்கு 'காண்டோ பாவல்', அதாவது பைத்தியக்கார வேல் என்று பெயர் வைத்தார்கள். மரத்தைச் சொன்னார்களோ, நட்டவர்களைச் சொன்னார்களோ!

இதன் இலையை ஆடுமாடு தொடாது; நெற்று இனிப்பு, ஆவலோடு தின்னும். விதையோ செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து, எருவோடு முளைக்கும். தன் மேய்ச்சல் தரைக்கு எமனை அந்த மாடே சுமந்து வருகிறது. இந்த மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது, நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்றெல்லாம் மேடையில் சொல்கிறார்கள். அவற்றுக்கு ஆதாரமில்லை. புல்லை அழிக்கிறது, நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்ற உண்மையே நமக்குப் போதும்.

2017-ல் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை இதை அகற்றியே தீரவேண்டும் என்றது. ஊரெங்கும் அரிவாள் எடுத்தார்கள். சில மாதங்களில் தடையும் வந்தது. 2022-ல் தமிழ்நாடு சர்க்கார் அந்நியக் களைத் தாவரங்களை ஒழிக்கக் கொள்கையே வெளியிட்டது. ஆனால் காகிதத்தில் உள்ளது கண்மாய்க்கரைக்கு வரும்போது என்ன ஆகிறது? ஏலம் எடுத்த காண்டிராக்டர் தரைமட்டத்தில் வெட்டி, விறகை லாரியில் ஏற்றிப் போய்விடுகிறார். தூர் நிற்கிறது. அடுத்த மழையில் ஒரு கிளை இருந்த இடத்தில் பத்துக் கிளை. அவருக்கென்ன, மறுபடி ஏலம் எடுக்கலாம்!

தூரை வேரோடு பெயர்க்க வேண்டும். நெற்று முற்றும் முன்பே பெயர்க்க வேண்டும். மண்ணில் கிடக்கும் விதை பல வருஷம் உயிரோடிருக்கும். ஆகவே ஒவ்வொரு மழைக்குப் பின்னும் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். நெற்றுத் தின்ற மந்தையை ஒரு வாரம் பட்டியில் அடைத்த பிறகே சுத்தம் செய்த தரையில் விடவேண்டும். வெறும் தரையாக விட்டால் முள்தான் முதலில் வரும். உடனே கொழுக்கட்டைப் புல் விதைக்க வேண்டும். நாட்டுக் கருவேல் வேறு, குடைவேல் வேறு. அவை நம் மண்ணின் மரங்கள், ஆட்டுக்குத் தீனி. அவசரத்தில் அவற்றையும் சாய்த்துவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம், இதை நம்மவர்களே மறந்துவிடுகிறார்கள். வானம் பொய்த்த வருஷங்களில் அந்தச் சீமை ஏழைகளுக்குச் சோறு போட்டது இதே முள்தான். விறகு வெட்டியும் கரிமூட்டம் போட்டும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. புகையில் கண் எரிய மூட்டம் காக்கிற பெண்ணிடம் போய், "மரத்தை ஒழிக்கிறோம்" என்று மட்டும் சொன்னால் அவள் நம்மை எப்படி நம்புவாள்? தூர் பெயர்க்கும் வேலை, கன்று பிடுங்கும் வேலை, புல் விதைக்கும் வேலை, மூன்றும் ஊரக வேலைத் திட்டத்தில் கூலியோடு அவளுக்கே முதலில் கிடைக்கவேண்டும். வெட்டிய மரத்தின் காசு காண்டிராக்டருக்கல்ல, ஊராட்சிக்கு வரவேண்டும்.

முள் போன பிறகு அந்த நிலம் யாருக்கு? மேய்ச்சல் புறம்போக்கைச் சுத்தம் செய்து கொடுத்ததும், "தரிசுதானே" என்று கம்பெனிக்காரன் வேலி போட்டால், ஆட்டுக்காரனுக்கு முள்ளும் ஒன்றே, கம்பியும் ஒன்றே. இங்கே கூடியிருக்கிறவர்களில் பாதிப்பேருக்காவது தெற்கே சொந்த ஊர் இருக்கும். அடுத்த கிராமசபைக்கு ஊருக்குப் போங்கள். மேய்ச்சல் புறம்போக்கு எத்தனை ஏக்கர், எந்த சர்வே நம்பர், இன்று யார் கையில் இருக்கிறது என்று எழுந்து நின்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.