திண்ணையில் ஒரு நாற்றங்கால்
(மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வீட்டுத் தோட்டத்திற்கான விதைப் பொட்டலங்கள் உங்களில் பலருடைய இல்லங்களுக்கு வந்து சேர்ந்துள்ளன. அவற்றுள் வெண்டை, கொத்தவரை, அவரை, பீர்க்கு ஆகியவற்றைப் பற்றி இன்று நாம் பேசப் போவதில்லை. அவற்றை நேரே நிலத்தில் ஊன்றிவிடலாம். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் அத்தகையன அல்ல. ஒரு கிராம் தக்காளி விதையில் ஏறக்குறைய 300 விதைகள் உள்ளன. அத்துணைச் சிறிய வித்தினை வெட்டவெளியில் தூவினால் எறும்பு இழுத்துச் செல்லும், கோழி கிளறும், ஒரு மழை அடித்துச் சென்றுவிடும். ஆகையால்தான் முதல் சில வாரங்கள் அவற்றைக் கூரையின் கீழ் வைத்துப் பேண வேண்டும் என்கிறோம்.

சென்ற பருவத்தில் நாம் பார்வையிட்ட வீடுகளில் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பக் கண்டோம். விதை முளைக்காமற் போனவர்கள் மிகச் சிலரே. நன்றாக முளைத்த பின்னர், இரண்டாவது வாரத்தில் நாற்றுக்களைப் பறிகொடுத்தவர்களே மிகுதி. அவர்களுள் ஓர் இளம் சகோதரி, "எனக்குக் கைராசி இல்லீங்க, இனிமே விதையைத் தொட மாட்டேன்" என்று கூறித் தட்டினைக் கொல்லையில் கவிழ்த்துவிட இருந்தார். அத்தட்டினை வாங்கிப் பார்த்தோம். நாற்றுக்கள் நூல்போல் மெலிந்து வெளுத்து, சன்னல் இருந்த பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. மண்ணைப் பிழிந்தால் நீர் சொட்டிற்று. கைராசிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

முளைப்பாரியை எண்ணிப் பாருங்கள். தென் மாவட்டங்களில் பிறந்த பெண்களுக்கு அதனைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நவதானியத்தைத் தூவி, வெயில் படாத அறையில் வைத்து, நீர் தெளித்து, பத்தே நாட்களில் சாண் உயரத்திற்கு இளமஞ்சள் முளைகளை எழுப்பிவிடுகிறீர்கள். விதையை முளைக்க வைக்கும் கலையில் நம் பெண்களுக்கு எந்த அலுவலரும் ஆசிரியராக வேண்டுவதில்லை என்றே நாம் கருதுகிறோம். ஆனால் முளைப்பாரி நீரில் கரைக்கப்படுவது. பத்து நாட்கள் நிமிர்ந்து நின்றால் அதற்குப் போதும். தக்காளி நாற்றோ, அதன்பின் மாதக்கணக்கில் நின்று காய்க்க வேண்டியது.

ஒவ்வொரு விதையும் தன்னுள் ஒரு கட்டுச்சோறு வைத்திருக்கிறது. மண்ணைப் பிளந்து வெளிவரும் வரையில் அதனை உண்டே வளர்கிறது. அதுவரை ஈரமும், வெதுவெதுப்பும், சிறிது காற்றும் இருந்தால் போதும், இருட்டினால் கேடில்லை. தலை வெளியே தெரிந்த அன்றே நிலைமை மாறிவிடுகிறது. கட்டுச்சோறு தீரும் தறுவாயில் இருக்கும். இனி வெளிச்சத்தைக் கொண்டுதான் அது தன் உணவைச் சமைக்க வேண்டும். வெளிச்சம் கிட்டாவிடில், அதனைத் தேடி, இருக்கும் வலுவையெல்லாம் தண்டை நீட்டுவதிலேயே செலவிட்டுவிடும். 1880ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் வெளியிட்ட நூல் ஒன்றில், புல் முளையின் நுனியை மூடிவிட்டால் அது ஒளியின் பக்கம் வளைவதில்லை என்று காட்டினார்கள். ஒளி வரும் திசையை அறிவது அந்தச் சிறு நுனிதான்.

இனிச் செய்முறைக்கு வருவோம். குழித்தட்டு கிடைத்தால் நன்று; கிடைக்காவிடில் கொட்டாங்குச்சியோ, தயிர்க் குவளையோ போதும். அடியில் துளையிட மறத்தலாகாது. செம்மண், மணல், நன்கு மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து சலித்துக்கொள்ளுங்கள். மக்காத சாணம் நாற்றுக்கு நஞ்சு. மக்கிய தென்னை நார்க்கழிவு கிடைத்தால் மணலுக்கு மாற்றாகச் சேர்க்கலாம். விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்திற்கு மேல் புதைக்க வேண்டாம். மேலே ஒரு தாளை மூடி, நிழலில் வைத்து, மண் காயாமல் நீர் தெளித்து வாருங்கள். தக்காளி ஒரு வாரத்திற்குள் தலைகாட்டும். கத்தரிக்குச் சற்றுக் கூடுதலாகும். மிளகாய் இரண்டு வாரம் வரை பொறுமையைச் சோதிக்கும். மார்கழிக் குளிரில் இன்னும் தாமதமாகலாம். பத்து விதையும் முளைக்கவில்லையே என வருந்தவும் வேண்டாம். சான்று பெற்ற விதைக்கே குறைந்த அளவு முளைப்புத்திறன் தக்காளிக்கும் கத்தரிக்கும் 70 விழுக்காடும், மிளகாய்க்கு 60 விழுக்காடுமே ஆகும்.

முதல் தலை தெரிந்ததும் தாளை எடுத்துவிடுங்கள். எல்லாம் முளைக்கட்டும் என்று காத்திருப்பதுதான் பெருந்தவறு. அன்றே தட்டு திண்ணைக்கு வந்துவிட வேண்டும். கிழக்குப் பார்த்த திண்ணையாயின் மிகவும் நன்று. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் படட்டும். சன்னலோரம் தவிர வேறிடம் இல்லாதவர்கள் நாள்தோறும் தட்டினைத் திருப்பி வைத்தல் வேண்டும். வெள்ளை ஈ தக்காளிக்கு இலைச்சுருள் நோயைக் கொண்டுவருமாதலால், மெல்லிய வலைத்துணியைக் கூடாரம்போல் மேலே கட்டுவது நலம்.

அடுத்தது நீர். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நைந்து, நாற்று மடிந்து விழுகிறதே, அதுதான் நாற்றழுகல். பித்தியம் போன்ற பூசணங்கள் ஈரம் தேங்கிய மண்ணில் பெருகி இதனை உண்டாக்குகின்றன. விழுந்த நாற்று எழாது. வாடியதென்று எண்ணி மேலும் நீர் ஊற்றுவோர், நின்றிருக்கும் நாற்றுக்களையும் இழக்கிறார்கள். மேல்மண்ணை விரலால் தொட்டு, அது உலர்ந்திருந்தால் மட்டும் காலையில் பூவாளியால் தெளியுங்கள், மாலையில் வேண்டாம். விதைக்குமுன் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத்தூளைக் கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் கலப்பது முறை. வீட்டளவிற்கு ஒரு சிட்டிகையே மிகுதி. நெருக்கமாக முளைத்தவற்றைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் அசையும்.

தக்காளி 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 35 முதல் 40 நாளிலும் நடவுக்கு ஆகும். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நீரைச் சற்றுக் குறைத்து, முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் எனத் தட்டினை வெயிலுக்குப் பழக்குங்கள். திண்ணை நிழலிலிருந்து நேரே நடுப்பகல் வெயிலுக்குச் சென்ற நாற்று ஒரே நாளில் கருகும். எடுக்கும்போது தண்டைப் பிடிக்காமல் மண் கட்டியோடு தூக்கி, வெயில் தாழ்ந்தபின் நட்டு, உடனே நீர் விட்டு, மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் கொடுங்கள்.