தெளிஞ்ச தண்ணியெல்லாம் நல்ல தண்ணி ஆகாது!

(நொய்யல் பாசன விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)

விவசாயப் பெருமக்களே! நம்ம பாசனத்துக்குன்னு 1992-இல் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினாங்க. தேங்கியது திருப்பூர்ச் சாயக்கழிவுதானுங்க. 1990-களின் கடைசியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அவை சாயத்தை எடுத்தன, உப்பை எடுக்கவில்லை. தண்ணி தெளிவாத்தான் இருந்துச்சு, ஆனால் நிலமும் கிணறும் பாழாச்சு.

விவசாயிகள் கோர்ட்டுப் படி ஏறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. தானா வந்த நியாயமில்லைங்க அது!

இப்போது நகராட்சிகள் சாக்கடைக்கும் சுத்திகரிப்பு நிலையம் கட்டுகின்றன. கட்டட்டும், வேண்டாங்கலை. ராத்திரியும் ஓடுதா? ஆற்றில் விடும் தண்ணியின் பரிசோதனை அளவைத் தினமும் வாசல் பலகையில் எழுதி வையுங்கள். உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டினால் ஆற்றில் விடாதே! இதுவே நம் கோரிக்கை. ஒன்றுபடுவோம், நொய்யலை மீட்போம்!