சுதந்திர தினமும் பிரசாவுரிமையும்



ஆண்டுதோறும் பெப்ரவரித் திங்கள் 4ஆம் நாள் இலங்கையெங்கும் தேசியக் கொடி ஏற்றப்படுகின்றது. படைகளின் அணிவகுப்பு நிகழ்கின்றது; பாடசாலைகளிலே சிறுவர் நாட்டு வாழ்த்து இசைக்கின்றனர். அந்நாளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1815ஆம் ஆண்டிற் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கடல் கடந்து வேலூர்க் கோட்டையிற் காவலில் வைக்கப்பட்டான். அன்றுதொட்டுத் தீவு முழுவதும் அன்னியர் ஆட்சியில் இருந்தது. 133 ஆண்டுகள் கழிந்தபின், 1948 பெப்ரவரி 4ஆம் நாள் இலங்கை சுதந்திர நாடாயிற்று. டி. எஸ். சேனாநாயக்கா அதன் முதற் பிரதமராக விளங்கினார். அம்மாதம் 10ஆம் நாள் கொழும்பு டொறிங்டன் சதுக்கத்திலே குளோஸ்டர் கோமகன் புதிய பாராளுமன்றத்தைத் திறந்துவைத்தார். சிங்கக் கொடியுடன், தமிழரைக் குறிக்கும் செம்மஞ்சட் பட்டையும் முஸ்லிம்களைக் குறிக்கும் பச்சைப் பட்டையும் 1951இற் சேர்க்கப்பட்டன.

எனினும் நாடு விடுதலை பெறுதல் ஒன்று. அந்நாட்டில் வாழ்வோர் யாவரும் அதற்கு உரியவராதல் பிறிதொன்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர். இலங்கை இந்தியன் காங்கிரஸின் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். சுதந்திரம் கிட்டிய அதே ஆண்டிலேயே, 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. ஒருவன் இலங்கையிற் பிறந்தமை மாத்திரம் போதாது. அவன் தந்தையும் இங்கு பிறந்தவர் என்பது போன்ற சான்று வேண்டப்பட்டது. லயங்களிற் பிறந்து, பதிவேதுமின்றி வாழ்ந்த தலைமுறையினர் அச்சான்றை எங்ஙனம் காட்டுவர்? தேயிலைக் கொழுந்து பறித்து நாட்டின் வருவாயைப் பெருக்கியவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர், வாக்குரிமையும் இழந்தனர்.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவதற்கும், ஏனையோருட் பலர் இங்கு பிரசைகளாவதற்கும் அது வழிசெய்தது. எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. முதற் சட்டத்திற்கும் இதற்கும் இடையே 55 ஆண்டுகள்!

ஆதலின், நேயர்களே, பெப்ரவரி 4ஆம் நாளைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கால், அந்த 55 ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்லுதல் நம் கடனாகும். தன் மக்கள் அனைவரையும் தன்னவரென ஏற்கும் பொழுதே ஒரு நாட்டின் சுதந்திரம் நிறைவெய்துகின்றது.