எட்டு மாதச் சீனியர்



பயிற்சிக்குப் போகும் மாணவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று செயலாளர் கேட்டார். நான் சிவில் என்ஜினீயர். ஆனால் பேசப்போவது பிசியோதெரபி. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், காரணம் இருக்கிறது.

2022 பிப்ரவரியில் எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டையில் வரப்பு வழுக்கி அப்பா விழுந்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் மடங்கவில்லை. ஜூனில் பெரியாற்றுத் தண்ணீர் திறந்தால் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரிலும் முதல் போகம். அதற்குள் வயலில் இறங்கிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். பயிற்சி கொடுக்க ஒரு மாணவன். அவனை மேற்பார்வை பார்க்க ஒரு பெண். விசாரித்தால், அந்தப் பெண்ணே படிப்பு முடித்து எட்டு மாதம்தான். அப்பா எதிரில் அவன் 'மேடம்' என்பான், மறந்தால் 'அக்கா' என்பான். எனக்குப் பக்கென்றது.

சும்மா வந்த பயமில்லை. 2009-ல் நான் மூன்றாம் ஆண்டுப் பயிற்சிக்குப் போன வாய்க்கால் வேலையில் சைட் என்ஜினீயருக்கும் அதே அளவு அனுபவம்தான். டம்பி லெவலில் எடுத்த அளவுப்படி தண்ணீர் மேடேற வேண்டும்! கொத்தனார் கேட்டே விட்டார், "தண்ணி மேல ஏறுமா சார்?" என்று. சார் சத்தம் போட்டார். எனக்கும் சந்தேகம் இருந்தது, வாயைத் திறக்கவில்லை. போட்ட கான்கிரீட்டைப் பிறகு உடைத்தோம். இரண்டு முளை அடித்து, கருவியை நடுவில் வைத்து ஒரு தடவை, ஒரு முளை ஓரமாக வைத்து ஒரு தடவை பார்த்திருந்தால் கருவியின் பிசகு அன்றே தெரிந்திருக்கும். லேபில் செய்து பத்துக்குப் பத்து வாங்கியவன் நான்.

இப்போது அப்பா கால். கோனியாமீட்டர் வைத்து மாணவன் அளந்தான்: 70 டிகிரி. அந்தப் பெண் அளந்தால் 60. அவன் சொன்னதை அடித்துவிட்டு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. "எது சரின்னு எனக்கும் உறுதியாத் தெரியல. எங்க வைக்கிறீங்கன்னு சொல்லிக்கிட்டே வைங்க, நானும் சொல்றேன்" என்றார். நடுப்புள்ளி முழங்காலின் வெளிப்பக்க எலும்பு மேட்டில், ஒரு கை இடுப்போரம் இருக்கும் தொடையெலும்பு மேட்டை நோக்கி, மறு கை கணுக்காலை நோக்கி. மாணவன் தொடையின் மேல் வளைவை ஒட்டி வைத்திருந்தான். ஆளுக்கு மூன்று முறை அளந்தார்கள். "அஞ்சு டிகிரி முன்னப்பின்ன யாருக்கும் வரும், பத்து வந்தா விடக்கூடாது" என்றார்.

70 என்றே எழுதியிருந்தால்? மறுவாரம் நிஜமாகவே 65-க்கு முன்னேறியிருந்தாலும் காகிதத்தில் பின்னடைவு. இன்னும் அழுத்து என்று தோன்றும். எலும்போ இப்போதுதான் கூடிக்கொண்டிருக்கிறது. அப்பா ஒருநாள் "தாயி, வலி உசிரு போகுது" என்றதும் அந்தப் பெண் உடனே நிறுத்தி, பெரிய டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் தொடர்ந்தார். நான் எதிர்பார்த்தது வீறாப்பு. பார்த்தது வேறு. அனுபவசாலி கை தானாகப் போய் உட்கார்ந்துவிடும். எப்படி என்று அவருக்கே சொல்ல வராது. போன வருஷம் தடுமாறியவருக்கு எந்த இடத்தில் தடுமாறினோம் என்பது நன்றாக ஞாபகமிருக்கும். ஒளிக்காமல் சொன்னால்தான் அதனால் பிரயோசனம்.

1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், மருத்துவம் படிக்கும்முன் கட்டட வேலை பயின்றவர் (நம்ம ஆள்!). தொழுநோயில் மடங்கிப்போன விரல்களுக்கு, முன்கையில் நல்லபடியாக இருக்கும் தசையின் நாணை மாற்றிக் கட்டினார். அறுவை முடிந்ததும் அந்தத் தசைக்குப் புது வேலை பழக்குவது பிசியோதெரபி. அதில் முன்னே போன அனுபவசாலி யார் இருந்தார்கள்? சொல்லிக் கொடுத்தவர்களும் நோயாளியின் கையைப் பார்த்துத்தான் கற்றார்கள்.

அப்பாவுக்கு ஜூன் முதல் வாரம் 110 டிகிரி வந்தது. சம்மணம் போட வராது. வரப்பில் நடக்கிறார், வயலில் இறங்க அம்மா விடவில்லை.

இந்த வருஷம் நம் மாணவர்கள் நாலு பேர் என் சைட்டுக்கு வருகிறார்கள். கூட நிற்கப்போகிறவர் சேர்ந்து ஏழு மாதமான தம்பி. அவரிடம் பேசிவிட்டேன். லெவல் எடுக்கும் முதல் நாள் காலை நானும் வருவேன். முளை இரண்டையும், ஒரு சுத்தியலையும் மாணவர்களே கொண்டுவரட்டும்.