“வயசானா அப்படித்தான்” – இந்தச் சொல்லை விட்டுவிடுவோம்

(ஒக்டோபர் முதலாம் திகதி, பிள்ளைமடுவ முன்றலில் நடந்த முதியோர் தினக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



ஐக்கிய நாடுகள் சபை 1990ஆம் ஆண்டு தீர்மானம் எடுத்து, 1991 முதல் இந்த நாள் முதியோர் தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. நம் நாட்டில் இதே நாளில்தான் சிறுவர் தினமும் வருகிறது. அது நமது தோட்டத்துக்கு நன்றாகப் பொருந்தும். ஏனென்றால் இளவட்டங்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போன பிறகு, லயத்தில் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, அடுப்பு மூட்டி வைத்திருப்பது யார்? அப்பாயியும் அம்மாயியும் தாத்தாவும்தான்.

1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையில் நூறு பேரில் ஆறு ஏழு பேர்தான் அறுபது வயதைத் தாண்டியவர்கள். 2012இல் அது பன்னிரண்டுக்கு மேலே போய்விட்டது. இன்றைக்கு இன்னும் கூடுதல். ஆயுசு கூடியிருக்கிறது, சந்தோசம். ஆனால் கூடின ஆயுசை நடமாட்டத்தோடு கழிக்கிறோமா, பாயில் கிடந்து கழிக்கிறோமா? அதுதான் கேள்வி.

நான் லயம் லயமாகப் போகும்போது அதிகமாகக் கேட்கிற சொல் ஒன்று உண்டு. “கண்ணு மங்கலா தெரியுதுங்க.” “டிஸ்பென்சரிக்குப் போனீங்களா?” “வயசானா அப்படித்தாங்களே!” கால் மரத்துப் போனாலும் இதே பதில். தலை சுற்றினாலும் இதே பதில். இந்த ஒரு சொல்தான் நமது பெரியவர்களின் கண்ணையும் காலையும் பறிக்கிறது. வயது ஒரு வருத்தம் அல்ல. வயதோடு சேர்ந்து வருகிற வருத்தங்களில் பலவற்றைத் தடுக்கலாம், மற்றதைக் கட்டுக்குள் வைக்கலாம். ஆனால் நேரத்தோடு பார்க்க வேண்டும்.

வலிக்காத வருத்தம்

பல் வலித்தால் ஓடிப் போகிறோம். பிரசர் வலிக்காது. சீனி வருத்தமும் ஆரம்பத்தில் வலிக்காது. அதனால்தான் அவை பொல்லாதவை. பிரசர் 140க்கு 90, அல்லது அதற்கு மேல் என்று திரும்பத் திரும்பக் காட்டினால், உடம்பு நன்றாக இருக்கிற மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இரத்தக் குழாய் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா. முப்பது வருசம் கொழுந்து எடுத்தவங்க. பிரசருக்கு மூன்று மாதம் குளிசை போட்டாங்க. பிறகு, “இப்போ நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாசாமாசம் கிளினிக்? கூட வர்ற மகளுக்கு ஒரு நாள் பேர் போகுது” என்று விட்டுட்டாங்க. ஒரு நாள் காலையில் வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. வீட்டில் எண்ணெய் தடவினாங்க, திருநீறு போட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. உயிர் தப்பியது, கை திரும்பவில்லை. இப்போது அந்த மகள் வேலைக்கே போவதில்லை, அம்மாவைத் தூக்கி வைக்க ஆள் வேண்டுமே! மாதம் ஒரு பேரை மிச்சம் பிடிக்கப் போய், வீட்டில் ஒரு சம்பளமே போய்விட்டது.

ஆகவே குளிசை போட்டு நன்றாக இருந்தால், அது குளிசையால்தான் நன்றாக இருக்கிறது. டொக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தூக்க முடியாவிட்டாலோ, பேச்சுக் குழறினாலோ அது பாரிசவாதம். எண்ணெய் தேடாதீர்கள். 1990 இலக்கத்துக்கு அடியுங்கள், அம்புலன்சுக்குக் காசு இல்லை. சிலருக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்து கொடுக்கலாம். ஆனால் முதல் நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் பலன்.

சாப்பாடு

காலையில் ரொட்டியும் சம்பலும், பகலுக்குக் கருவாட்டுக் குழம்பு. ருசிதான். ஆனால் உப்பைப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குள்தான் இருக்க வேண்டும். கருவாட்டை ஊறப்போட்டுக் கழுவி, கிழமைக்கு ஒரு தரமாகக் குறையுங்கள். சாயத் தண்ணியைச் சீனி குறைத்துக் குடித்துப் பழகுங்கள். தோட்டத்தில் கிடைக்கிற கீரைக்குக் காசா கொடுக்கிறோம்?

வெத்தலைப் பை

இதைச் சொன்னால் அப்பாயிமாருக்குக் கோபம் வரும். வரட்டும். இலங்கையில் ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முன்னணியில் நிற்பது வாய்ப் புற்றுநோய். பெண்களுக்கும் வருகிறது. “புகையிலையை விட்டுட்டேன், வெறும் பாக்குதான்” என்று சிலர் சொல்கிறார்கள். பாக்கும் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும். வாயில் வெள்ளைத் தழும்பு, சிவப்புத் தழும்பு, இரண்டு மூன்று கிழமையாக ஆறாத புண், காரம் பட்டால் எரிவு, மூன்று விரல் நுழைகிற அளவுக்கு வாய் திறக்க முடியாமை: இதில் எது இருந்தாலும் உடனே காட்டுங்கள். புற்றாக மாறுவதற்கு முன்பே கண்டுபிடிக்கக்கூடிய வருத்தம் இது. மாதத்தில் ஒரு நாள் வெளிச்சத்தில் கண்ணாடி பிடித்து வாயைப் பாருங்கள்.

கண்ணும் காலும்

கண்ணில் வெள்ளை விழுந்தால் குருடாகிப் போக வேண்டியதில்லை. ஒப்பரேசன் செய்தால் பெரும்பாலானவர்களுக்குப் பார்வை திரும்பும். பார்வை மங்கியவர்தான் பீலிக்கரைப் பாசியில் வழுக்கி இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்கிறார். தம்பிமாரே, ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் போதும். பீலிக்கரையைச் சுரண்டி விடுங்கள். லயத்துப் படியோரம் பிடித்து இறங்க ஒரு மூங்கில் கட்டுங்கள். கக்கூசுக்குப் போகிற வழிக்கு ஒரு பல்பு போடுங்கள்.

சீனி வருத்தக்காரருக்குக் காலில் உணர்வு குறையும். கல் குத்தினாலும் அட்டை கடித்தாலும் தெரியாது. வெறுங்காலோடு நடக்கக் கூடாது. தினமும் பொழுதுபட்டதும் பேரப்பிள்ளை தாத்தாவின் பாதத்தைத் திருப்பி, விரலிடுக்குவரைக்கும் பார்க்கட்டும். சின்னக் காயம் என்று விட்டு, காலையே எடுத்தவர்கள் உண்டு.

இன்னொன்று: மேல் வலிக்குக் கடையில் வாங்கி விழுங்குகிற குளிசை. தொடர்ந்து போட்டால் சில குளிசைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றைப் புண்ணாக்கும், பிரசரையும் கூட்டும். டிஸ்பென்சரியில் கேட்காமல் போட வேண்டாம்.

எங்கே போவது?

வருத்தம் இல்லாதவர்களைப் பார்ப்பதற்கென்றே 2011 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ‘ஹெல்தி லைப்ஸ்டைல் சென்டர்’ என்ற நிலையங்கள் நடக்கின்றன. முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட யாரும் போகலாம். பிரசர், சீனி, நிறை, வாய் எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். அறுபது வயதானவர்கள் கிராம சேவகரிடம் கேட்டு முதியோர் அடையாள அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோருக்கு உரிமை கொடுத்திருக்கிறது. அது யாரும் போடுகிற பிச்சை அல்ல.

செக்ரோலில் பேர் இருக்கும்வரை ஒருவரைத் தேட ஆள் உண்டு. கங்காணி கேட்பார், பெரட்டில் தெரிந்துவிடும். பேர் எடுத்த பிறகு அவர் காம்பராவுக்குள் ஒடுங்கிப் போகிறார். தனியாக பஸ் ஏறப் பயம், பிள்ளைக்குப் பேர் போகும் என்று கவலை. இதற்கு ஒரு வழி சொல்கிறேன். லயத்துக்கு நாலு பெரியவர்கள் ஒரே நாளில் கிளினிக் போகட்டும். ஒரு ஓட்டோ, கூட ஒரே ஒரு இளைய ஆள். அடுத்த மாதம் அடுத்த வீட்டு ஆள். ஒரு வீட்டுக்கு நாலு மாதத்துக்கு ஒரு நாள்தான் பேர் போகும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒன்றாய் நிற்கிற நமக்கு இது பெரிய காரியமா?

தலைவர்மாரிடமும் மாதர் சங்கத்திடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் லயத்தில் அறுபது தாண்டியவர்கள் யார், யாருக்குக் கிளினிக் கொப்பி இருக்கிறது, யார் நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு பட்டியல் எழுதித் தாருங்கள். கிளினிக் நாளையும் ஓட்டோவையும் ஒழுங்கு செய்ய நானும் தோட்ட வைத்தியரும் கூட நிற்கிறோம். பெரியவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வருத்தம் வந்த பிறகு அல்ல, உடம்பு நன்றாக இருக்கிற நாளிலேயே வாருங்கள்.